மாப்பிள்ளை பிடித்த கை

அந்தியூர்க் குதிரைச் சந்தையின் நடுவில், அத்தனை சனத்துக்கு முன்னால், மாப்பிள்ளை என் கையைப் பிடித்துவிட்டார்.

மகளின் கையைப் பிடித்திருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். ஒரு கனைப்புப் போதும்.

காரை விட்டு இறங்குவதற்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இங்கே புருசனும் பெண்டாட்டியும் கைகோர்த்து நடக்கக் கூடாது. தோளில் கை போடக் கூடாது. ஓரடி தள்ளியே நடக்க வேண்டும். மகள் லோகப்பிரியா அதை ஜெர்மனில் எடுத்துச் சொல்ல, மாப்பிள்ளை யோனாஸ் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

சொல்லாமல் எப்படி இருப்பது? போன வருசம் கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் வந்து இறங்கியதும், தனக்கு முன்பே ஊருக்கு வந்திருந்த என் மகளின் நெற்றியில் இதே மனிதர் முத்தம் வைத்தார். கூட வந்திருந்த பங்காளி அழகிரிசாமி, நாங்கள் சோமனூர் போய்ச் சேர்வதற்குள் அதை ஊர் முழுக்கப் போனில் சொல்லி முடித்திருந்தான். என் தறிக்குடோனில் நூல் இறக்குகிறவன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

இன்றைக்கும் அழகிரிசாமி வந்திருக்கிறான். குதிரை பார்க்க அல்ல.

அதனால்தான் முதுகை நிமிர்த்தி, வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் நடந்தேன். முதல் சேற்றுப் பள்ளம் வந்தபோது அந்தப் பெரிய, சூடான கை வந்து என் கையைக் கவ்வியது.

"மாமா, ஆம்பளைங்க பிடிக்கலாமுங்க. வழக்கமுங்க."

என் மகள் சொல்லிக்கொடுத்த தமிழ்.

இல்லை என்று எப்படிச் சொல்வது? எதிரே மாட்டுத் தரகர்கள் இருவர் சுண்டுவிரலைக் கோர்த்துக்கொண்டுதான் போனார்கள். உதறினால் வந்த மாப்பிள்ளைக்கு அவமானம். உதறாவிட்டால் எனக்கு. என் கல்யாணத்தில் கைகோர்வைச் சீருக்கு மச்சினன் கையைப் பிடித்ததோடு சரி. நாலு பேர் பார்க்க அதற்குப் பிறகு நான் யார் கையையும் பிடித்ததில்லை.

பின்னால் என் மனைவி ராசாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தும் சிரிப்பு கேட்டது.

ஒவ்வொரு பள்ளத்திலும் பிடி இறுகியது. வெள்ளைக்காரருக்குச் சேறு பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு கத்தியவார் குதிரை பின்னங்காலை உதைத்தபோது என்னையும் சேர்த்து ஓரமாக இழுத்தார். குதிரையும் பயம். பாவம்.

அதன் பிறகு நானும் கொஞ்சம் இறுக்கியே பிடித்துக்கொண்டேன். என்ன இருந்தாலும் என் பொறுப்பில் வந்திருக்கிற பிள்ளை.

கரும்புச் சாறு கடை வாசலில் அழகிரிசாமி நின்றிருந்தான்.

"ஏனுங்ணா, மாப்பிள்ள கட்டுனது நம்ம புள்ளையவுங்களா, உங்களையுங்களா?"

சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். கையை உருவப் பார்த்தேன். மாப்பிள்ளை விடவில்லை. இன்னொரு கையை அழகிரிசாமியிடம் நீட்டினார்.

"நீங்களும் வாங்க மாமா. வழக்கமுங்க."

ஊர் வம்பையெல்லாம் விலைக்கு வாங்குகிறவன், சந்தையில் வாங்கிய புது மாட்டைப்போல முரண்டுபிடித்துக்கொண்டே இழுபட்டு வந்தான். மூன்று பேரும் கைகோர்த்துச் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றினோம். பொரி விற்கிறவள் படியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தாள்.

நான் சிரித்துவிட்டேன். நடு வீதியில், சத்தமாக.

அழகிரிசாமி எப்படியோ நழுவிக்கொண்டான். வாங்கிய சாமான்களை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாமென்று காருக்குத் திரும்பினோம். மாப்பிள்ளை என் கையை விட்டார். செருப்பைக் கழற்றினார். முழங்கால் சேற்றில் இறங்கி, அந்தப் பக்கம் கட்டியிருந்த முரட்டுக் குதிரையின் நெற்றியைப் போய்த் தடவிக்கொடுத்தார். குதிரைக்காரரே அசந்து நின்றார்.

அது பயந்தவர் நடை இல்லை.

லோகப்பிரியா டிக்கியைத் திறந்தாள். உள்ளே என் கைத்தடி கிடந்தது. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் கொடுத்தது. அழகிரிசாமி பார்த்துவிடக் கூடாதென்று, காலையில் நான்தான் அதை பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டு வந்திருந்தேன்.

"நான்தானுங்கப்பா பாத்து எடுத்துட்டு வந்தேன். வந்ததுமே தர்றேன்னுதான் அவருகிட்ட சொன்னேன். வேண்டாம், மாமாவுக்கு நான் இருக்கறேன்னு சொல்லிப்போட்டாருங்க."

டிக்கியை மூடச் சொன்னேன்.

கோயிலுக்குப் போகிற வழி நல்ல தார் ரோடு. ஒரு பள்ளம் இல்லை, சொட்டுச் சேறு இல்லை.

மாப்பிள்ளை கால் கழுவிக்கொண்டு வந்தார். நானே கையை நீட்டினேன்.

"வாங்க மாப்பிள்ளை. வழக்கமுங்க."