மூன்று கட்டில் அறை

“பெத்த பிள்ளை இருக்கிற ஊருக்குப் போய் லாட்ஜ்ல தங்குறதா? கேட்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?”

முழங்கால் மருத்துவரைப் பார்க்க நகரத்துக்குப் போவதென்று முடிவான நாளிலிருந்து அம்மா இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். மகனை அவள் நேரில் பார்த்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. அவன் வீட்டு அடுப்பில் ஒரு வேளையாவது தன் கையால் சமைத்துப் போட வேண்டும் என்பதுதான் ஆசை என்றாள். முழங்கால் ஒரு சாக்கு.

அப்பா அசைந்து கொடுக்கவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மகளின் கைப்பேசித் திரையை எட்டிப் பார்த்தார்.

“அடுத்ததைத் தள்ளும்மா.”

“இது நல்லா இருக்குப்பா. ஆஸ்பத்திரிக்குப் பக்கம். வாடகையும் நம்ம கைக்கு அடக்கம்.”

“எதிர்ல இருக்கிற மாடிகளைப் பாரு. ஒரு பால்கனியிலயாவது துணி காயுதா? எல்லாம் ஆபீஸ். சாயங்காலம் ஷட்டரை இறக்கிட்டா ஈ காக்கா இருக்காது. குழந்தைத் துணி காயற தெருவுலதான் நம்பித் தங்கலாம்.”

தையல் இயந்திர உதிரிப் பாகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர் அவர். தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்காமல் எந்த அறையிலும் பெட்டியைக் கீழே வைத்ததில்லை. அந்தக் கால லாட்ஜுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குரலே இளமையாகிவிடும்.

“உங்களையெல்லாம் ஒரு தடவை கூட்டிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா? ஜன்னலுக்கு வெளியில பஸ் ஸ்டாண்ட்.”

மகளுக்கு எப்படி மறக்கும்? ஒரே கட்டிலில் நான்கு பேர். அண்ணன் ஜன்னலை விட்டு நகராமல், கிளம்புகிற ஒவ்வொரு பேருந்துக்கும் விசில் ஊதிக்கொண்டிருந்தான். பிறகு தூக்கத்தில் அவன் உதைத்த உதையில் அவள் கீழே உருண்டாள். அம்மாவோ கைக்குட்டைகளை வாளியில் அலசி ஜன்னல் கம்பியில் காயப் போட்டு, “நாமளும் குடும்பஸ்தங்கன்னு தெருவுக்குத் தெரியட்டும்” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தபோதுதான் மகளுக்கு அப்பாவின் மேல் கோபம் மூண்டது.

“அண்ணன் வீடு இருக்கும்போது இதெல்லாம் எதுக்குப்பா? ரெண்டு ரூம் வச்சிருக்கான்.”

“அங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு மூணு பஸ் மாறணும். உங்கம்மா முழங்கால் தாங்காது.”

“டாக்ஸி பிடிச்சா ஆச்சு.”

“தள்ளும்மா அடுத்ததை.”

“பேசிப் பிரயோஜனம் இல்லடி. இவர் என்னைக் கட்டினதுக்கு ஒரு லாட்ஜைக் கட்டியிருக்கலாம்!” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளறைக்குப் போய்விட்டாள்.

ரயில் நிலையத்துப் பின்தெருவில் இருந்த லாட்ஜ் ஒன்று திரையில் வந்தது. வாசலிலேயே பேருந்து நிறுத்தம், எதிரில் மருந்துக் கடை, மாடிகளெங்கும் துணிக் கொடிகள். அப்பா படத்தை விரித்து விரித்துப் பார்த்தார்.

“இதான். மூணு கட்டில் போட்ட ரூமாச் சொல்லு.”

“ரெண்டு பேருக்கு மூணு கட்டிலா? பெட்டியையும் தூங்க வைக்கப் போறீங்களா?”

அப்பா உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். குரல் தழைந்தது.

“உங்கண்ணனுக்கு வேலை போயிடுச்சும்மா. போன மாசம் பென்ஷன் விஷயமாப் போனப்போ, சொல்லாம கொள்ளாம அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். வேற யாரோ திறந்தாங்க. விசாரிச்சுக் கண்டுபிடிச்சேன். ஒரே ரூம்ல நாலஞ்சு பேரு. இவனுக்குத் தரையில ஒரு பாய். ஏதோ குடோன்ல மூட்டை இறக்கிட்டிருக்கான். வேற வேலை கிடைச்சதும் நானே சொல்றேன், அதுவரைக்கும் அம்மாகிட்ட மூச்சு விடாதீங்கப்பான்னு கையைப் பிடிச்சுக்கிட்டான்.”

மகள் கைப்பேசியை மடியில் கவிழ்த்தாள்.

“குடோன்லேர்ந்து வர்ற பஸ் இந்த வாசல்லதான் நிக்குது. அம்மாவை மாடி ஏத்தி இறக்க என்னால ஆகலடா, ராத்திரி துணைக்கு வந்து படுன்னு அவன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். நாலு நாளாவது கட்டில்ல படுக்கட்டும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவா. என்னைத் திட்டுறதுன்னா திட்டிட்டுப் போகட்டும்.”

அறையைப் பதிவு செய்துவிட்டு மகள் உள்ளே போனாள். அம்மா பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா. லாட்ஜே வசதி.”

அம்மா நிமிர்ந்தாள். “கட்சி மாறிட்டியா? அப்போ உன்கிட்ட சொல்லிட்டார்.”

“என்னத்தைச் சொன்னார்?”

அம்மா எழுந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

“வீடியோவுல பேசும்போதெல்லாம் உங்கண்ணன் முதுகுக்குப் பின்னால ஆணியில சட்டை சட்டையாத் தொங்குது. ஒண்ணுகூட அவன் அளவு இல்ல. பேச்சுக்கு நடுவுல எவனோ குறுக்கே போறான், இவன் போனைத் திருப்பிக்கிறான். பெத்தவளுக்குத் தெரியாதா? போன மாசம் அங்கே போயிட்டு வந்ததுலேர்ந்து உங்கப்பாவும் அவன் வீட்டுப் பேச்சையே எடுக்கிறதில்ல.”

“தெரிஞ்சுமா ஒரு வாரமா அப்பாவோட மல்லுக்கு நிக்கிறே?”

“லாட்ஜுன்னதும் நான் தலையாட்டியிருந்தா, எனக்கும் விஷயம் தெரியும்னு மோப்பம் பிடிச்சிருப்பாரே! எனக்குத் தெரியக் கூடாதுன்னு அந்த மனுஷன் ஒண்டியாச் சுமந்துட்டிருக்கார். அந்தத் திருப்தியாவது அவருக்கு மிஞ்சட்டும்.”

கதவை அகலத் திறந்து, “வர்றேன், வந்து தொலைக்கிறேன்! ஆனா பிள்ளையைப் பெத்தவளை லாட்ஜ்ல அடைச்ச பாவம் உங்களைச் சும்மா விடாது!” என்று கூடத்தைப் பார்த்து உரக்கக் கத்திவிட்டு, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.