பதினேழாம் பெட்டி

"செத்துப் போச்சு. மூணும்" என்றாள் மார்கெத்தா, ஏணியின் உச்சியிலிருந்து.

கீழே நின்ற பெரியவர் சுலேவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நோட்டில் எழுதினார். "பத்தாம் பெட்டி, மூணு குஞ்சு. பட்டினி. இறங்கு, அடுத்ததுக்குப் போலாம்."

மார்கெத்தா மூடியைச் சாத்திவிட்டு இறங்கினாள். பள்ளிக்கூட டீச்சர் அவள். கோடை விடுமுறை விட்டதும் சுலேவியின் ஆந்தைக் கணக்கெடுப்புக்கு உதவியாகக் காட்டுக்கு வந்துவிடுவாள். ஆந்தைகள் முட்டையிட மரங்களில் மாட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து குஞ்சுகளை எண்ணுவார்கள். போன வருஷம் பெட்டிக்கு ஆறு, ஏழு குஞ்சு. இந்த வருஷம் திறக்கிற பெட்டியெல்லாம் சாவு.

"கொஞ்சம் எலி வாங்கிப் போட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

"போன வருஷம் வயலெலி கொழிச்சுது. ஆந்தையும் எலி பிடிக்கிற பனிக்கீரியும் பெருகித் தின்னு தீர்த்துடுச்சு. இப்ப அதுங்களுக்குப் பட்டினி. அதுங்க குறைஞ்சாத்தான் எலி மறுபடி தலைதூக்கும். மூணு வருஷத்துக்கு ஒரு சுத்து. அதைத்தானே முப்பது வருஷமா எண்ணிட்டிருக்கேன்? நீ ஊட்டிவிட்டா நான் எதை எண்ணுறது?"

"உங்க நெஞ்சுல இருக்கறது கல்லு."

"இருக்கட்டும். ஏணியைத் தூக்கு."

அடுத்த ஆறு பெட்டியிலும் அதே கதைதான். பதினேழாவது மரத்தடிக்கு வந்ததும், "இது வேணாம், நேரமாச்சு" என்றார் சுலேவி.

"மணி பதினொண்ணுதானே ஆகுது?"

அவர் தடுப்பதற்குள் ஏறிவிட்டாள். மூடியைத் திறந்தவள் கத்தியே விட்டாள்.

"சுலேவி! ரெண்டும் உயிரோட இருக்கு! கொழுகொழுன்னு! எழுதுங்க, எழுதுங்க!"

அவர் பேனாவை மூடினார். "எழுத வேணாம். இந்தப் பெட்டியைக் கணக்குல சேர்க்கலை."

"ஏன்?"

"சேர்க்கலைன்னா சேர்க்கலை."

மார்கெத்தாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"செத்ததை மட்டும் எழுதுவீங்க, பிழைச்சதை மறைப்பீங்க! உங்க சுத்துக்கு ஒத்துவரலைன்னா விட்டுடுவீங்களா? என் பசங்க பரீட்சையில இப்படிப் பண்ணினா முட்டை போடுவேன், தெரியுமா?"

சுலேவி மரப்பட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க எழுத வேணாம். நானே எடை போட்டு, உங்க கணக்கு போற பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போடறேன்!"

குஞ்சைத் தூக்கப் பெட்டிக்குள் கையை விட்டாள். சில்லென்று ஏதோ விரலில் பட்டது. தின்னாமல் மிச்சம் வைத்த எலி. வெளியே எடுத்துப் பார்த்தாள்.

காட்டு எலி பழுப்பாகத்தான் இருக்கும். இது மூக்கிலிருந்து வால்வரை பால் வெள்ளை. பாம்பு வளர்ப்பவர்களுக்காக டவுன் கடையில், ஐஸ் பெட்டியில் வைத்து விற்கிற எலி.

மார்கெத்தா மெல்லக் கீழே பார்த்தாள். சுலேவியின் வழுக்கைத் தலை காதுவரை சிவந்திருந்தது.

"என் வீட்டுக்குப் பக்கத்துப் பெட்டி இது" என்றார், மரத்தைப் பார்த்தபடியே. "பசியில கத்தறது ஜன்னல் வழியா கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

அவள் எலியை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தாள்.

சுலேவி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காலையில நான் வந்து போட்டுடறேன், மார்கெத்தா. சாயங்காலம் மட்டும் நீ வர முடியுமா?"