தையல் பிரிக்கும் நாள்

“தையல் எப்படி இருக்குங்கய்யா?” என்று நர்ஸ் கேட்டதும், போனில் பெரியவர் கடகடவென்று சிரித்தார்.

“என்கிட்ட போய்த் தையலைப் பத்திக் கேக்கறீங்களே! ஆயுசு பூரா மெஷின் மிதிச்ச டெய்லர்மா நான். நம்ம தையல் விட்டுப்போகுமா?”

“வலி இருக்கா?”

“துளிகூட இல்ல.”

“கட்டு நனையாம குளிக்கிறீங்களா?”

“ஒரு கட்டும் நனையலம்மா. அதை விடுங்க, மணி என்ன ஆகுது, நீங்க சாப்பிட்டீங்களா?”

நர்ஸுக்கு மனசு குளிர்ந்தது. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களைத் தினமும் போனில் விசாரிப்பது அவள் வேலை. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு போன், கிறீச்சிடும் ஒரு நாற்காலி. அவளுடைய இலாகா மொத்தமும் அவ்வளவுதான்.

மற்றவர்கள் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஹலோ சொல்வதற்குள், “லோன் எல்லாம் வேணாம்மா” என்று வைத்துவிடுவார் ஒருவர். “மாத்திரை போட்டீங்களா?” என்றால், “நீ என்ன என் பொண்டாட்டியா?” என்று எரிந்து விழுவார் இன்னொருவர். இந்த டெய்லர் மட்டும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

சொன்னதை அப்படியே கேட்கவும் செய்தார். சிகரெட்டைத் தொடக் கூடாது என்றாள். பெட்டியோடு குப்பையில் போட்டுவிட்டார். நடக்கச் சொன்னாள், பூங்காவைச் சுற்றி மூச்சு வாங்க நடந்துவிட்டு, அதைச் சொல்வதற்காகவே போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“குடலிறக்க ஆபரேஷன் பண்ணவங்க கனம் தூக்கவே கூடாதுங்கய்யா. ஞாபகம் இருக்கட்டும்.”

“மெஷினை நகர்த்தக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டேன். இத்தனை வருஷமா அவர் பேரே எனக்குத் தெரியாது. நேத்து ரெண்டு பேரும் உக்காந்து டீ குடிச்சோம்னா பாருங்களேன்!”

“ரொம்ப சந்தோஷம். நாளைக்குத் தையல் பிரிக்கணும். காலையில வந்துடுங்க.”

“கட்டாயம் வரணுமாம்மா? போன்லயே பிரிச்சுட முடியாதா?” என்றார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தலைமை நர்ஸுக்கு இந்த இலாகாவே பிடிக்காது. அன்று மாலை வந்து மேஜை முன்னால் நின்றாள். “போன்ல விசாரிச்சா புண்ணு ஆறிடுமா? அங்க வார்டுல ஆள் பத்தல. இந்த மாசத்தோட மூட்டையைக் கட்டிடு.”

“நாளைக்கு என் டெய்லர் வர்றார் மேடம். அவரை ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க.”

மறுநாள் காலையிலிருந்து நர்ஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெய்லரைக் காணோம். பதிவு கவுன்டரில் ஒரு வழுக்கைத் தலைக்காரர்தான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

“வயித்தைக் கிழிச்சுத் தைச்சு அனுப்பினதோட சரி! இருக்கானா செத்தானான்னு கேக்க ஒரு போன் உண்டா இந்த ஆஸ்பத்திரியில?”

போனை எடுக்காமல் இருந்துவிட்டு நேரில் வந்து கத்துகிற ரகம் என்று நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் தையலைப் பிரித்து, “அருமையா ஆறியிருக்கு” என்று முதுகில் தட்டி அனுப்பிய பிறகும், படி இறங்கும்வரை அவர் முணுமுணுப்பு ஓயவில்லை.

மதியம் ஆயிற்று. தலைமை நர்ஸ் அந்தப் பக்கமாக வந்து, “எங்க உன் டெய்லர்?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள். நர்ஸ் மறுபடி வாசலை எட்டிப் பார்த்தாள். இலாகா போனால் போகட்டும், மனுஷனுக்கு என்ன ஆயிற்றோ!

போன் போட்டாள். முதல் மணியில் எடுக்கிறவர், அது அடித்து ஓயப்போகும் நேரத்தில்தான் எடுத்தார்.

“ஏங்கய்யா வரல? காய்ச்சலா? தையல் போட்ட இடம் சிவந்திருக்கா? மறைக்காம சொல்லுங்க.”

“நல்லாத்தான் இருக்கேன்மா.” குரல் கம்மியிருந்தது.

“பொய் சொல்றீங்க. ஃபைல்ல அட்ரஸ் இருக்கு. ஆம்புலன்ஸை எடுத்துக்கிட்டு இப்பவே நான் வர்றேன்.”

“ஐயையோ, வேணாம்மா! வீண் அலைச்சல்.” அவர் அவசரமாகத் தடுத்தார். “வீட்டுக்காரி போனதுக்கப்புறம் இந்தப் போன் அடிச்சதே இல்ல. அன்னிக்கு எடுத்ததும் எடுக்காததுமா, ‘சாப்பிட்டீங்களா ஐயா?’ன்னு கேட்டுட்டீங்க. அதுக்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரல.”

“எந்த உண்மை?”

“இது ராங் நம்பர்மா... வெச்சிடாதீங்க.”