வெட்ட மறந்த இடம்

“அக்கா, நேத்து அனுப்புன அத்தியாயத்தைக் கேட்டேன்.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

போனில் பேசிய சங்கவிக்குப் பார்வை கிடையாது. எம்.ஏ. தமிழ் படிக்கிற பெண். பாடத்தில் வைத்திருக்கும் அந்தப் பழைய நாவலை அவளுக்காகப் போனில் வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறவள் இவள்.

நாவலில் குஞ்சம்மாளைப் புருஷன் அடிப்பான். காரணமே வேண்டாம். சாம்பாரில் உப்புக் குறைந்தால் ஓர் அடி, கூடினால் இரண்டு. எழுதிய புண்ணியவான் அடியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அவள் பொறுமையைப் பக்கம் பக்கமாகப் புகழ்கிறார். பரீட்சையிலும் அந்தப் பொறுமையைத்தான் கேட்பார்களாம்.

படிக்கும்போதெல்லாம் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சங்கவி தயங்கினாள்.

“ரெண்டாவது தடவ அடிக்கிறப்ப, அவ புருஷன் உங்க பேரச் சொல்றான்க்கா.”

கீரைக் காம்பு கையிலேயே நின்றது.

நேற்று இவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே புருஷன் வந்துவிட்டான். இப்படி வாசித்துப் பதிவு செய்கிறவர்கள் தடங்கல் வந்தால் பதிவை நிறுத்துவதில்லை. நின்ற வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி படிப்பார்கள். வேண்டாததைப் பிறகு வெட்டிவிடுவார்கள்.

இவளும் அப்படித்தான் செய்தாள். அவன் குளிக்கப் போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியை முதலிலிருந்து படித்தாள்.

அப்புறம் அவனுக்கு ரசம் வைக்கிற அவசரத்தில், வெட்டாமலே அனுப்பிவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாமல் மூடி வைத்திருந்தது. இப்படியா வெளியே போக வேண்டும்?

“அது டிவிம்மா.”



இவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

“யாருக்கும் போட்டுக் காட்டலக்கா” என்றாள் சங்கவி. “மிச்சத்த எங்க வீட்டுல வந்து படிக்கிறீங்களா? அம்மாட்ட கேட்டுட்டேன். புத்தகம் முடியிற வரைக்கும் இங்கயே தங்கிக்கச் சொல்றாங்க.”

இவள் ஆய்ந்த கீரையை ஒதுக்கி வைத்தாள்.

“இன்னும் எவ்வளவுக்கா இருக்கு?”

இவள் எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்தாள். மெல்லப் புரட்டினாள்.

ஒரே ஓர் அத்தியாயம். நாலு பக்கம்.

அதில் குஞ்சம்மாள் செத்துப்போகிறாள்.

“நெறைய இருக்கும்மா” என்றாள்.