ஓடைக் கல்

ஜவ்வாது மலை ஊர்களின் வழக்கங்களைப் பல மாதம் கேட்டறிந்த பிறகு, கவிநிலா தன் நாவலுக்கென ஒரு மலைக்குடியைக் கற்பனை செய்தாள். நன்றி சொல்ல அவர்கள் உதவியவரின் செருப்பில் ஓடைக் கூழாங்கல் ஒன்றை வைப்பார்கள். அந்த வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது, அவளே யோசித்தது. யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று, அவர்கள் காட்டுத்தீயில் அழியும் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டு, எல்லோரையும் ஓடை தாண்டிப் பிழைக்கவைத்தாள்.

காலையில் கணவன் பலராமன் வாசலிலிருந்து கூப்பிட்டான். “உன் செருப்புல யாரு கல்லு வெச்சது? படியெல்லாம் ஒரே சாம்பல்.”

சாம்பலில் வெறுங்கால் தடங்கள். சின்னப் பாதங்களும் இருந்தன. கண் கலங்க, அவள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“இன்னிக்குக் கிரிவலக் கூட்டம்கூட இல்லியே. யாருக்குத் தண்ணி?”

“ரொம்ப தூரம் நடந்து வந்திருக்காங்க.”

அவன் உள்ளே போய் இன்னொரு குடம் கொண்டுவந்தான்.

காபி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது இரண்டு குடமும் காலி. பலராமனின் செருப்பிலும் ஒரு கூழாங்கல் இருந்தது, ஈரம் காயாமல்.