உம்

ரெக்ஸுக்கும் அவன் மனைவி ஜெசிந்தாவுக்கும் வீட்டிலிருந்தே வேலை, அடுத்தடுத்த அறைகள். ஒரே செயலியில் சர்வர் பக்கம் அவனுடையது, மறுபக்கம் அவளுடையது, நடுவில் இரு பக்கமும் செய்திகள் போய்வர எப்போதும் திறந்திருக்கும் ஒரு வெப்சாக்கெட் இணைப்பு. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, எந்தச் செய்தி போனாலும் அவள் நிரல் தானாகவே "உம்" என்று பதில் அனுப்பும். கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவதைப் போல இருக்கட்டும் என்று அவள்தான் அந்தச் சொல்லை வைத்திருந்தாள்.

நேற்று வந்த விருந்தாளிகளிடம், அவள் வைத்த மீன்குழம்பை "நான் வச்சது" என்று சொல்லிவிட்டான் ரெக்ஸ். அதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. கடைசியில் சர்வரிலிருந்தே அவளுக்குச் செய்தி தட்டினான்.

"சாப்ட்டியா?"

"உம்."

"எல்லாருக்கும் போன் போட்டு உண்மையைச் சொல்லிட்டேன்."

"உம்."

நிரலிடம் மன்னிப்புக் கேட்பது சுலபமாகத்தான் இருந்தது.

"இன்னும் கோவமா, ஜெசி?"

இம்முறை தானாக வரும் "உம்" கூட வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பதறி எழுந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு திரையில், நிரலில் யாருமே எழுதி வைக்காத ஒரு சொல் வந்து விழுந்தது.

"ம்ஹூம்."