மஞ்சள் பட்ட சட்டை

மாரிச்செல்விக்கு அவளுடைய வக்கீல் கோர்ட் வாசலிலேயே பாடம் சொல்லிக் கூட்டிவந்திருந்தார். "கை தவறிட்டுன்னு மட்டும் சொல்லும்மா. வேணும்னே ஊத்துனதுன்னு ஆனாத்தான் நஷ்டஈடு."

வழக்கு இவ்வளவுதான். கோயில் கொடைத் திருவிழாவில் முறைப்பையன்கள் மேல் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றும் நாள். சென்னையிலிருந்து வந்து இறங்கிய அத்தை மகன் இசக்கிராஜாவின் புது வெள்ளைச் சட்டையில் அவள் ஒரு குடத்தையே கவிழ்த்துவிட்டாள். ஊரே சிரித்தது. தன் சம்மதம் இல்லாமல் ஊற்றிவிட்டாள் என்று அவன் கோர்ட்டுக்குப் போய்விட்டான். அந்தச் சட்டை இப்போது சாட்சிப் பொருளாக மேஜைமேல் இருந்தது. துவைக்கவே இல்லை. ஆனால் கல்யாணப் பட்டுப்புடவையை மடிப்பதுபோல அத்தனை பதனமாக மடித்து வைத்திருந்தான். மாரிச்செல்வி அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கை தவறிவிட்டதா?" என்று நீதிபதி கேட்டார்.

தவறிவிட்டது என்றால், வழியில் போகிற எவன்மேலோ ஊற்றியதாக ஆகிவிடும். அதை எந்த வாயால் சொல்வாள்?

"இல்லங்கய்யா. தெருத்தெருவாத் தேடிப் பிடிச்சுத்தான் ஊத்துனேன். அவிய எங்க அத்தான்."

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். இசக்கிராஜாவின் காது இரண்டும் சிவந்துபோயின. செய்தது வேண்டுமென்றே செய்த தீங்குதான், புதுச் சட்டை ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று தீர்ப்பானது.

இசக்கிராஜா மெதுவாக எழுந்து நின்றான்.

"வெள்ளையாவே இருக்கட்டும் ஐயா. அடுத்த கொடைக்கு முந்தி கையில கெடைச்சாப் போதும்."